எட்டுத் தாளிலும் ஒரே நிழல்

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று யாராவது சிரித்தால் கிருஷ்ணவேணி இன்றைக்கும் சண்டைக்கு வந்துவிடுவாள்.

காஞ்சிபுரத்தில் பழைய தறிக்கூடம் ஒன்றின் மாடியில் அவள் பென்சில் டிராயிங் சொல்லிக்கொடுத்தாள். ஒரு ஞாயிறு, மதியம் மூன்று மணி. கரன்ட் இல்லை. அறை நடுவே முக்காலி, அதன்மேல் சொம்பு. எட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வரைந்தார்கள்.

"வெளிச்சம் ஜன்னல்லேருந்து வருது. நிழல் எதிர்ப்பக்கம் விழணும். பாத்துப் போடுங்கபா."

அபியின் தாளில் முக்காலி நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல். ஆள் நிழல்.

"விளையாட்டா?"

"அங்க இருக்குது மிஸ். அதான் போட்டேன்."

தரையைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அடுத்த தாளைப் பார்த்தாள். அதிலும் இருந்தது. எட்டிலும்...

கூடிப் பேசிக் கிண்டல் செய்கிறார்கள்! பற்றிக்கொண்டு வந்தது. தாள்களைப் பிடுங்கித் தரையில் பரப்பினாள்.

திட்ட வாயெடுத்தவள் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

எட்டுப் பேரும் எட்டுக் கோணம். சொம்பையே கோணலாகப் போட்டவர்கள். அந்த நிழல் மட்டும் எந்தக் கோணத்திலும் பிசகவில்லை. ஒரு கை மேலே நீண்டிருந்தது. பாதம் ஊன்றவில்லை. கால்விரல்கள் தொங்கின.

நிற்கிறவனுக்கு அப்படி நிழல் விழாது.

தலைக்கு மேல் ஒரு சத்தம்.

ங்ங்ங்ங்...

நின்றுபோன ஃபேனிலிருந்து.

"எல்லாரும் கீழ போங்க!"

கீழே வீட்டுக்காரர் கண்ணாயிரத்தின் முகத்துக்கு நேரே தாளை நீட்டினாள்.

"அந்த ரூம்ல இன்னா நடந்துச்சு?"

அவர் முகம் வெளுத்தது. "எலக்ட்ரீஷியன் எவனும் அங்க சாவலமா."

"எலக்ட்ரீஷியன்னு நான் சொல்லவே இல்லையே!"

கதவு படாரென்று மூடியது.

அவள் விடவில்லை. எதிர்க் கடையில் விசாரித்தாள். அந்த மாடியில் ஃபேன் மாட்ட வந்தவர் தென்னேரி சத்யராஜ் என்றார்கள். மறுநாளே தென்னேரிக்குப் போனாள்.

சத்யராஜின் மனைவி ஜீவிதா தாளை வாங்கிப் பார்த்தாள். நிழலின் தூக்கிய கையை விரலால் தொட்டாள்.

"ரோட்டுக் கம்பத்துல கரன்ட் அடிச்சுடுச்சுன்னு சொல்லி வேன்ல கொண்டாந்து போட்டுட்டுப் போனாங்க. இந்தக் கை... தூக்கினது தூக்கினபடி இருந்துச்சு டீச்சர். நாலு பேரு அழுத்தியும் மடங்கல. இதை எங்க பாத்தீங்க?"

மாடியில் நடந்ததையும் கண்ணாயிரம் வாய்தவறி உளறியதையும் கிருஷ்ணவேணி சொன்னாள்.

ஜீவிதா அழவில்லை. எழுந்து செருப்பை மாட்டினாள்.

"வாங்க. அந்த ஆளு வீட்டைக் காட்டுங்க."