இப்ப கேமரா யார் கையில?

படத்தை ஏழாவது தடவையாக நிறுத்தினார் ஜெயகரன்.

"இப்ப கேமரா யார் கையில கீது?"

திரையில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மூன்று பேர் மேகத்துக்கு நடுவே பறந்துகொண்டிருந்தார்கள். மூன்று பேரும் ஃப்ரேமுக்குள்ளேயே இருந்தார்கள். நாலாவது ஆள் கதையிலேயே கிடையாது. "அப்ப புடிக்கிறது யாரு, பரிசுத்த ஆவியா?" என்று மகள் பியூலாவைப் பார்த்துக் கேட்டார். "ஆண்டவர இதுல இழுக்காதீங்க" என்று சமையலறையிலிருந்து மனைவி டெய்சி குரல் கொடுத்தாள். பியூலா படத்தை மறுபடி ஓடவிட்டாள். இரண்டு நிமிஷம் தாங்கியது. எட்டாவது தடவை நிறுத்தினார்.

ஜெயகரனோடு உட்கார்ந்து படம் பார்ப்பதற்குப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம். அதிலும் யாரோ எடுத்துவிட்டுக் காணாமல்போன வீடியோ பிற்பாடு வேறு யார் கைக்கோ கிடைத்ததாகக் கதை விடும் படங்கள் இருக்கின்றனவே, அந்த வகையறா அவருக்கு ஆகவே ஆகாது. கேமரா குடிகாரன் மாதிரி தள்ளாடும், ஆனால் பேட்டரி மட்டும் தீராது. பையன்கள் ஒரு குழிக்குள் இறங்குவார்கள். அங்கே ஒரு கல் பளபளக்கும். மறுநாள் கையை நீட்டினால் கார் தானாக நகரும். இவ்வளவு பெரிய சக்தி கிடைத்ததும் துரைமார்கள் செய்கிற முதல் காரியம், பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் பையை அந்தரத்தில் தூக்குவது. அப்புறம் மூக்கில் ரத்தம் ஒழுகும். மூவரில் ஒருவனுக்கு அப்பன் குடிகாரன், அம்மா படுத்த படுக்கை. அவன்தான் கெட்டுப்போவான் என்று டைட்டில் ஓடும்போதே பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். கடைசியில் ஊர் பற்றி எரியும், சிநேகிதன் சாவான், அப்போதும் ஒருவன் கேமராவைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நிற்பான்.

"சாவறவனப் புடிச்சித் தூக்குவானா, ஜூம் போடுவானா? கையில கேமரா கீதுன்னா அவன் மனுசன் இல்லியா?"

எல்லாவற்றையும்விட அந்தக் குழி விஷயத்தில்தான் அவருக்கு ஆத்திரம் அதிகம். "குழியில இருந்து சக்தி வருதாம்! எங்கப்பா முப்பத்தி மூணு வருசம் நந்திதுர்க் தங்க மைன்ல கேஜ் லிஃப்ட்ல எறங்குனாரு. இன்னா சக்தி வந்துச்சி? இருமல் வந்துச்சி. அவரு இருமுன இருமலுக்கு ஒரு தகர டப்பாகூட நகரலை."

இந்த வாய்க்குச் சொந்தக்காரர் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் மாடியறை ஸ்டுடியோ வைத்திருக்கும் வீடியோக்காரர். வயது ஐம்பத்து நான்கு. முப்பத்தொரு வருஷமாகக் கல்யாணம், காது குத்து, சர்ச்சில் திடப்படுத்தல், அடக்க ஆராதனை என்று எதையும் விட்டதில்லை. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் ஒன்று இருக்கும். டிரைபாடிலேயே குமிழி இருக்கிறதே என்றால், "அது கம்பெனிக்காரன் கண்ணு, இது என் கண்ணு" என்பார். டிரைபாடை நிறுத்தி, அதன் தலையில் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கிறவரைக்கும் மாப்பிள்ளையானாலும் சரி, பாதிரியார் ஆனாலும் சரி, காத்திருக்க வேண்டியதுதான். ஒருமுறை பூதிகோட்டையில் ஒரு கல்யாணத்தில் காற்றடித்துப் பந்தல் சரிந்தது. ஜனங்கள் விழுந்தடித்து ஓடினார்கள். இவர் எடுத்த வீடியோவில் பந்தல் விழுவது கோடு கிழித்தது போல நேராகத் தெரியும். "வுழுந்தது பந்தல்தான், ஃப்ரேம் இல்ல" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆடிப்போன துண்டு எதுவாக இருந்தாலும் அன்றைக்கே தன் கையாலேயே அழித்துவிடுவார். உதவிக்கு வைத்த ஆள் அழித்தால்கூட நம்ப மாட்டார்.

"மனுசன் இல்லியா" என்று அவர் கேட்டபோது பியூலாவுக்குப் பொறுக்கவில்லை.

"தாத்தா பெட்டிய மூடுறப்ப நீங்க புடிச்சீங்களே, டாடி?"

"அது தொழிலு. இது படம்."

உண்மைதான், பிடித்தார். சொந்த அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று அழுதபோது, வேறு ஆளை நம்பாமல் இவரே கேமராவுக்குப் பின்னால் நின்றார். மூடி இறங்குகிற வரைக்கும் ஒரு நூல் ஆடவில்லை. "ஜெயகரன் கண்ணுல தண்ணி வந்தாலும் ஃப்ரேம்ல வராது" என்று சபையில் பேச்சு. பாதிப் பேர் அதைப் புகழ்ச்சியாகச் சொன்னார்கள், பாதிப் பேர் அப்படிச் சொல்லவில்லை. இவர் இரண்டையும் சேர்த்துப் புகழ்ச்சிக் கணக்கிலேயே வைத்துக்கொண்டார்.

இவ்வளவு ஏளனத்தையும் பியூலா பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. தினமும் ரயிலேறிப் பெங்களூர் போய்ப் படிக்கிறாள், இது கடைசி வருஷம். அங்கே படத்தொகுப்புக் கம்பெனி ஒன்று, இதே மாதிரி 'கிடைத்த வீடியோ' பாணியில் பத்து நிமிஷப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தது. தேர்வாகிற ஆளுக்கு வேலை. திங்கட்கிழமை கடைசி நாள். அவளும் கதை எழுதிவிட்டாள். பழைய சுரங்க ஷாப்ட் குழி ஓரம் மூன்று பிள்ளைகள், பளபளக்கும் கல், மூக்கில் ரத்தம், எல்லாம் அச்சு அசலாக. அவளுடைய செல்போனில் எடுத்தால் முகமே தெரிவதில்லை. டாடியின் கேமரா வேண்டும்.

"இந்தக் கண்றாவிக்கா? தர மாட்டேன்."

மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் டெய்சி தட்டை நங்கென்று வைத்தாள். "இன்னாங்க, பொண்ணு வேலைக்கு ஒரு வழி தேடுது. நீங்க அதுல ஓட்டை தேடுறீங்க."

ஓட்டை தேடுகிற வாய் அன்றைக்கு ஒருவழியாக அடங்கியது. ஆனால் சும்மா இறங்கி வந்தால் அது ஜெயகரன் இல்லையே! நிபந்தனை போட்டார். கேமராவை அவரே இயக்குவார், வேறு கை படக் கூடாது. படத்தில் 'கேமரா: ஜெயகரன்' என்று அவர் பெயர் வர வேண்டும். பெயர் வருகிற இடத்தில் ஃப்ரேம் ஆடக் கூடாது.

சனிக்கிழமை மதியம் சயனைடு மேட்டுக்குப் போனார்கள். தங்கம் எடுத்தபின் சுரங்கம் கொட்டிய சாம்பல் நிறத் தூள் மலையாகக் குவிந்து கிடக்கிற இடம் அது. பியூலாவோடு படிக்கிற கிரணும் உதயும் கதையில் சக்தி பெற்ற மற்ற இரண்டு பிள்ளைகள். ஜெயகரன் டிரைபாடை ஊன்றி ரசமட்டத்தை எடுத்தார்.

"டாடி, கையில புடிச்சி எடுக்கணும். ஓடிக்கிட்டே எடுத்த மாதிரி இருக்கணும்."

"கெடைச்ச வீடியோன்னா கோணலாதான் கெடைக்கணும்னு இன்னா சட்டம்? நேரா எடுத்தவன் வீடியோ தொலையாதா?"

கிரண் கண்ணுக்குத் தெரியாத தூண்டில் நரம்பு கட்டிய கல்லை அந்தரத்தில் தூக்கினான். "ஆய்த்து அங்கிள்" என்றான், ஆச்சு என்பதைக் கன்னடத்தில். "இன்னா ஆய்த்து? கல்லு ஓரமாப் போவுது. நடுவுல தூக்கு" என்று மறுபடி தூக்க வைத்தார். உதயின் மூக்கில் பீட்ரூட் சாறு தடவியிருந்தது. அது க்ளோசப்பில் அசிங்கமாக இருக்கிறதென்று துடைக்கச் சொன்னார். சக்தி வந்து மிரண்டு நிற்க வேண்டிய மூன்று பேரையும், பழக்கதோஷம், உயரப்படி நிறுத்தி, "நெருங்கி நில்லுங்க, லேசா சிரிங்க" என்றார். பியூலா தலையில் அடித்துக்கொண்டாள். காணாமல்போன பிள்ளைகள் உயிருக்குப் பயந்து எடுத்த வீடியோ, ரிசப்ஷன் ஆல்பம் மாதிரி வந்துகொண்டிருந்தது.

கடைசிக் காட்சி, பறக்கிறது. மேட்டின் விளிம்பில் பியூலா கையை விரித்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். நின்றாள். ஜெயகரன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தலைக்கு மேல் இடம் போதவில்லை.

"ஒரு அடி பின்னால போ பாப்பா. தலை கட்டாவுது."

போனாள். மழைத் தண்ணீர் அடியில் அரித்துவைத்த இடம் அது. மேலே பார்த்தால் தரை, கீழே ஒன்றுமில்லை. விளிம்பு சத்தமில்லாமல் உடைந்தது. ஃப்ரேமில் தலைக்கு மேலே மட்டுமல்ல, எல்லா இடத்திலும் வானம்தான் இருந்தது.

இருபதடி சறுக்கிப் பள்ளத்தில் கிடந்தாள். நல்ல வேளை, தூள் மண். முழங்கை தோலுரிந்து, வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். ஜெயகரன் ஒரு காலில் செருப்பில்லாமல்தான் வீட்டுக்கு வந்தார் என்பதை டெய்சிதான் கவனித்தாள்.

சாயங்காலம் பியூலா இடது கையால் மௌஸைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒற்றைக் கையால் திங்கட்கிழமைக்குள் முடிக்க, இன்றைக்கே தொடங்கினால்தான் உண்டு. எடுத்ததை வரிசையாக ஓட்டினாள். நடுவில் எழும்புகிற கல். துடைத்த மூக்கு. லேசான சிரிப்பு. ஒன்றும் தேறாது என்று அவளுக்கே தெரிந்தது. வேலை கையை விட்டுப் போயிற்று என்று நினைத்தபோது கடைசித் துண்டு வந்தது.

பதினோரு விநாடி. பியூலா நிற்கிறாள். பியூலா இல்லை. உடனே வானம் சரிகிறது, டிரைபாடின் கால் ஒன்று குறுக்கே போகிறது, மண் எகிறுகிறது. அப்புறம் படம் முழுக்கச் சாய்வாகச் சாம்பல் தரை. தரையில் ஒற்றைச் செருப்பு. தூரத்தில் ஒரு குரல், அடையாளமே தெரியாமல் உடைந்த குரல்: "பாப்பா! பாப்பா! கர்த்தாவே, எம் புள்ளைய விட்றாதே! நான்தான் போவச் சொன்னேன், நான்தான் போவச் சொன்னேன்!"

"இதான் டாடி முடிவு" என்றாள் பியூலா. "இத மட்டும் வெச்சா போதும், நம்புவாங்க."

பின்னால் நின்றிருந்த ஜெயகரன் நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் பழையபடி திரும்பிவிட்டது. "இன்னா முடிவு? வானம் கோணலா கீது. ஃபோகஸ் இல்ல. எவனோ கத்துறான். என் பேர் போட்டு இதயா அனுப்புவே? ஊரு சிரிக்கும்." சொல்லிக்கொண்டே வலது கையை நீட்டினார். முப்பத்தொரு வருஷப் பழக்கம், விரல் நேராக டெலீட் பட்டனுக்குப் போனது.

பியூலா அவர் கையைத் தடுக்கவில்லை. செருப்பு தெரிகிற இடத்தில் படத்தை நிறுத்தினாள்.

"டாடி, இப்ப கேமரா யார் கையில இருக்குது?"

விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. லேசாக ஆடியது. ஜெயகரன் அதைப் பார்த்தார். கையை எடுத்தார். இடது கையையும் சேர்த்து, இரண்டையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.