எடை போடாத வண்டி

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தொழில் வட்டாரத்தில் 'வேண்டாம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் அது கடைப் பலகையில்கூடக் கிடையாது. காட்டிலும் மலையிலும் போய்த் தங்குவதற்கு ஏற்ற மாதிரி பிக்கப் வண்டிகளை மாற்றிக் கொடுப்பதுதான் அவர் வேலை. பின்னால் அலுமினியப் பெட்டி, அதற்குள் இழுப்பறைகள், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் விரிகிற கூடாரம், சேற்றில் மாட்டினால் இழுத்துக்கொள்ள முன்னால் ஒரு வின்ச். இரும்பு வேலையும் தகர வேலையும் அவருடையது, வயரும் பேட்டரியும் என்னுடையது. இருபது வருடமாக ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்க்கிறோம். இன்னும் ஒருவரையொருவர் கொல்லவில்லை.

வண்டியைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் கையில் ஒரு பட்டியலோடு வருவார்கள். அத்தான் அதைப் படிக்கவே மாட்டார். "சாமானையெல்லாம் கொண்டாந்து இங்க பரப்புங்க" என்பார். தரையில் தார்ப்பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பியதும் ஒன்றைக் காட்டி, "இதைத் தூக்கிக்கிட்டு அந்த கேட் வரைக்கும் போயிட்டு வாங்க சார்" என்பார். நாற்பதடி இருக்கும். பாதி வழியில் கீழே வைத்தால் அந்தச் சாமான் வண்டியில் ஏறாது. ஒரு டாக்டர் தன் காபி மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டைத் தொட்டுவிட்டார், திரும்பி வரும்போது மூச்சு வாங்கிவிட்டது. இறக்கி வைத்துவிட்டு அத்தானை ஏக்கமாகப் பார்த்தார். "வேண்டாம்" என்றார் அத்தான். டாக்டருக்குக் கோபம், ஆனால் அடுத்த வருடம் தன் தம்பி வண்டியை இங்கேதான் அனுப்பி வைத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு எடை மேடை. தண்ணீரும் டீசலும் நிரப்பி, போகிறவர்களையும் உள்ளே உட்காரவைத்து, முன் சக்கரம் மட்டும், பின் சக்கரம் மட்டும், பிறகு மொத்தமாக என்று மூன்று தடவை ஏற்றுவார். அந்தச் சீட்டை டிரைவர் கதவின் உள்பக்கம் ஒட்டிய பிறகுதான் சாவி கைமாறும். ஏழு கிலோ கூடியதற்காக ஒரு வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து அடுப்பைக் கழற்றிய மனிதர் அவர். அன்றைக்கு நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மதியம், அவருடைய ஒரே மகள் பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு அங்கிருந்தே போன் செய்தாள். வயது முப்பதை நெருங்கினாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். மாப்பிள்ளை மேல் அத்தானுக்கு எந்தக் குறையும் இல்லை, அவரைப் பார்த்ததே கிடையாது. சொல்லாமல் செய்தாளே என்பதுதான். கையில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை அணைத்தார். "இனிமே நீ இந்தப் பக்கம் வர வேண்டாம்" என்றார். மறுபடி கிரைண்டரைப் போட்டுக்கொண்டார். காபி மெஷினுக்குச் சொன்ன அதே குரல். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அவளும் அப்பனுக்குத் தப்பாத மகள், வரவில்லை. அக்கா மட்டும் அவ்வப்போது மளிகைக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்துவிட்டு வருவாள். அத்தானுக்கு அது தெரியும். "உங்க அக்கா எங்க போயிருக்கா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, ஸ்பேனரைத் துடைக்கிற சாக்கில் பதிலுக்காக நிற்பார். "பாப்பா நல்லாத்தான் இருக்காளாம்" என்பேன். "நான் அதையா கேட்டேன்?" என்று எரிந்து விழுவார்.

இந்த வருடம் ஆரம்பத்தில் ஒரு சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வெள்ளை பிக்கப் ஒன்று வந்து நின்றது. பாப்பா இறங்கினாள். மாப்பிள்ளை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் பாறைகளை ஆராய்கிறவர். கல்லைப் பார்ப்பதற்கு ஏழு மாதம் ஊர் ஊராகச் சுற்ற ஒருத்தருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

"ஏழு மாசம் போறோம்ப்பா. பாதி நாள் ரோடே இல்லாத இடம். வேற கடையில குடுக்க மனசு வரல" என்றாள்.

அத்தான் அவளைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கடையில் முதல் பேச்சாக 'சரி' வந்தது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து ஆபீஸ் முடிந்து தினமும் வந்தாள், வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று கேட்டாள். ஃபிரிட்ஜ் வேண்டும் என்றாள். அடுத்த வாரம், இன்னும் கொஞ்சம் பெரிய ஃபிரிட்ஜ். இரண்டாவதாக ஒரு ஸ்டெப்னி. சுடுதண்ணீர் ஷவர், அதற்கென்று தனித் தொட்டி. வரைபடம் விரிக்க மடக்கு மேசை. புத்தகத்துக்கு ஒரு தட்டு. அத்தான் எல்லாவற்றுக்கும் "எத்தனை இஞ்ச்?" என்று மட்டும்தான் கேட்டார். கேட் வரை தூக்கிக்கொண்டு போய்வர அவளை அவர் விடவே இல்லை. அவரே வாங்கி, அவரே சுமந்து, அவரே இடம் பார்த்தார். அப்பனும் மகளும் மூன்று வருடம் கழித்துப் பேசிக்கொண்டது இவ்வளவுதான், இஞ்சும் ஸ்குருவும். ஆனால் நாலு மணி ஆனதும் அந்த மனிதர் முகம் கழுவித் தலை சீவிக்கொள்வதை நான் பார்த்தேன். "என்ன அத்தான், பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கிண்டல் செய்தேன். துணியை என் மேல் எறிந்தார். சந்தோஷமாக இருந்தார், அதை எதற்கு மறைப்பது.

ஆறாவது வாரம் வண்டியின் பின்பக்கம் தொங்கிவிட்டது. பாரத்தில் பாதி பின் அச்சுக்கும் பின்னால் இருந்தது. அத்தான் வண்டிக்கு அடியில் படுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்தவர், போய் ஒரு ஜோடி காற்றுப் பை வாங்கி வந்தார். அச்சுக்கும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் நடுவில் வைத்துக் காற்றடித்தால் தொங்குகிற வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் ஒரு கிலோகூடக் குறையாது. ஸ்பிரிங்கின் இரண்டு முனையும் பிரித்து வாங்கிக்கொண்ட பாரம் அத்தனையும் இப்போது சேசிஸில் ஒரே இடத்தில் இறங்கும். "இது வலிக்கு மாத்திரைய்யா, வைத்தியம் இல்ல" என்று எத்தனையோ பேரைத் திட்டி அனுப்பிய அதே சாமானைத் தன் கையாலேயே மாட்டினார்.

"எடை மேடைக்கு எப்ப போறோம் அத்தான்?" என்றேன்.

"போலாம்."

மறுநாளும் கேட்டேன். அதே பதில். மூன்றாவது நாள், "நான் செஞ்ச வண்டி எனக்குத் தெரியாதா? நீ உன் வயரைப் பாரு" என்று கத்தினார். எனக்கும் ரோஷம் வந்து வாயை மூடிக்கொண்டேன். ரோஷம் பாதிதான் உண்மை. எடை போட்டால் எதையாவது இறக்கவேண்டி வரும், எதையாவது இறக்கினால் அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்லவேண்டி வரும். அது எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

கிளம்புகிற அன்று காலை அக்கா அழுதாள். மாப்பிள்ளை அத்தானிடம் வந்து வணக்கம் சொன்னார், அத்தான் தலையை மட்டும் ஆட்டினார். பாப்பா டிரைவர் கதவைத் திறந்து உள்பக்கம் பார்த்தாள்.

"எடை போட்டீங்களாப்பா? சீட்டைக் காணோமே."

"போட்டேன்மா. சீட்டு எங்கேயோ கெடக்கு. நீ கெளம்பு, வெயில் ஏறிடும்."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார்.

ஒன்பதாம் நாள் காலை, ஒரு லாரியின் முதுகில் வேறொரு பிக்கப் எங்கள் கடைக்கு வந்தது. யாரோ எங்கேயோ செய்துகொடுத்த வண்டி. ஓட்டும் அறை முன்பக்கமும் பெட்டி பின்பக்கமும் சாய்ந்து, நடுவில் முதுகு ஒடிந்திருந்தது. "வளைஞ்சதை நிமித்திக் குடுக்க முடியுமா?" என்றார் அதன் சொந்தக்காரர். அத்தான் குனிந்து அடியில் பார்த்தார். காற்றுப் பை மாட்டிய இடத்துக்குச் சற்று முன்னால் சேசிஸ் பிளந்திருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். நான்தான் பாப்பாவுக்குப் போட்டேன். தொடர்பு இல்லை. அக்காவிடம் கேட்டேன். முந்தின நாள் இரவு பாப்பா, தங்கிய ஊரின் பெயரோடு அவளுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: நாளை காலையிலிருந்து கல் ரோடு, நாலு நாளைக்கு போன் கிடைக்காது.

கடையைப் பூட்டக்கூட இல்லை. என் வேனில் கிளம்பினோம். தார் ரோடு முடிகிற ஊருக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது. அன்று காலையே அவர்கள் டீசல் நிரப்பிக்கொண்டு போனதாக பங்க்கில் சொன்னார்கள். விடிந்ததும் ஒரு ஜீப் பிடித்தோம். வழி முழுக்க தகரக் கூரை மாதிரி வரி வரியான மண், பல்லெல்லாம் ஆடியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அத்தான் கை முன்னால் இருந்த கம்பியை இறுக்கிப் பிடித்தது. இரண்டு மணி நேரம் கழித்து ஜீப்காரர், "அதோ" என்றார்.

ரோட்டை விட்டு இறங்கி ஒரு பள்ளத்தில் சாய்ந்து நின்றது வெள்ளை வண்டி. அறைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற அளவுக்கு மேல்பக்கம் வாய் பிளந்திருந்தது. நிழலில் பாப்பா உட்கார்ந்திருந்தாள், இடது கையைத் துப்பட்டாவால் கழுத்தோடு கட்டியிருந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. உயிரோடு இருக்கிறாள். எனக்கு அதற்கு மேல் எதுவும் பார்க்கத் தோன்றவில்லை.

மாப்பிள்ளை ஓடி வந்தார். கண்ணெல்லாம் சிவந்து, தூங்காத முகம். "மன்னிச்சிடுங்க மாமா. என் தப்புதான். பள்ளத்தைப் பாக்கல, வேகமா வந்துட்டேன். நீங்க எவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்ச வண்டி, ஒன்பதே நாள்ல ஒடிச்சிட்டேன்" என்றார்.

"மெதுவா போன்னு எத்தனை தடவை சொன்னேன், கேட்டாரா?" என்றாள் பாப்பா.

நான் அத்தானைப் பார்த்தேன். சும்மா இருந்துவிட்டால் போதும், பழி போய்விடும். மகள் தன் பக்கம், தப்பு மருமகன் பக்கம். அந்த ஒரு நிமிடம், இருந்துவிடட்டும் என்று நானே நினைத்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"உங்க தப்பு இல்ல மாப்ளே" என்றார் அத்தான். அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. "பள்ளம் இல்லைன்னாலும் ஒடிஞ்சிருக்கும். நான் எடை போடல."

பாப்பா எழுந்து வந்தாள். "போட்டேன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

"போட்டா பாதியைக் கழட்டணும். உங்கிட்ட மறுபடி வேண்டாம்னு சொல்லணும். ஒரு தடவை சொல்லிட்டு மூணு வருஷம் பட்டது போதும்னு இருந்துச்சு. பயந்துட்டேன்மா."

"செத்திருப்போம்ப்பா" என்றாள் அவள். "நேத்து முழுக்க இவரை என்னென்ன திட்டினேன் தெரியுமா? இவரும் வாயைத் திறக்காம கேட்டுக்கிட்டு இருந்தாரு."

வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டுமானால் முதலில் பாரத்தை இறக்கியாக வேண்டும், அதனால் அத்தான் அந்த வேலையில் இறங்கினார். தண்ணீரைத் திறந்துவிட்டார். ஸ்டெப்னி, மேசை, ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ரோட்டோரத்தில் வைத்தார். மாப்பிள்ளையும் நானும் கை கொடுத்தோம். ஷவர் தொட்டியைக் கழற்றும்போது அத்தான் திரும்பிப் பார்க்காமலே, "எது எது கண்டிப்பா வேணும்னு சொல்லு பாப்பா. அதை மட்டும் ஜீப்ல ஏத்திக்கலாம்" என்றார்.

அவள் வரிசையாகக் கிடந்த சாமான்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் அப்படியேதான் இருந்தது.

"எதுவும் வேணாம்" என்றாள். "இதுல முக்காவாசி எனக்கு அன்னிக்கே தேவையில்லப்பா."

"பின்ன ஏம்மா தினம் ஒண்ணு கேட்ட?"

"வேலை முடிஞ்சிடுச்சுன்னா, மறுநாள் என்ன சொல்லிக்கிட்டு நான் அங்க வர்றது?"

அத்தான் அந்த ரோட்டோர மண்ணிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பாப்பா பக்கத்தில் போகவில்லை, அந்த இடத்தை விட்டு விலகவும் இல்லை. நான் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஜீப் பக்கம் போய்விட்டேன்.