பட்டினி போட்ட வீடு

எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்தில் விருந்தாளி முதலில் சாப்பாடு வேண்டாம் என்பார். "அட, உண்ணுங்க சாமி" என்று வீட்டார் வற்புறுத்திப் போடுவார்கள்.

யுத்தத்துக்கு முன் லண்டனுக்குப் படிக்கப் போனேன். கப்பல் பயண அலுப்போடு போய் ஓர் ஆங்கிலேய விதவையின் வீட்டில் வாடகைக்குத் தங்கினேன். "சாப்பிடுகிறாயா?" என்பார். ஊர் வழக்கப்படி "வேண்டாம்" என்பேன். உடனே தட்டை எடுத்துவிடுவார். பசியில் சுருண்டு கிடந்தேன்.

அங்கே குடிவர இருந்த சேலத்து நண்பனிடம், "பட்டினி போட்டே கொன்னுருவா, வந்துராதப்பா" என்றேன். அவனும் வரவில்லை, அவன் சொல்லிக் கேட்ட மற்ற மாணவர்களும் வரவில்லை. வாடகையை நம்பியிருந்த அந்த அம்மாள், என் ஒருவன் வாடகை போதாமல் வீட்டைக் காலி செய்தார்.

பிரியும்போது ரொட்டிப் பொட்டலத்தை நீட்டி, "நீ வேண்டாம் என்றதால் கட்டாயப்படுத்தவில்லை. என் சமையல் பிடிக்கவில்லையோ?" என்றார். என் சொல்லை அவர் மதித்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அவர் வீட்டுக்கு யாரும் வராமல் போனது என் பேச்சால்தான் என்ற உண்மையை இன்றுதான் சொல்கிறேன்.