ஒன்றரை மணி வானம்

எங்கள் ஊரை மேலேயிருந்து நான் முதன்முதலாகப் பார்த்தது, காற்றை ஆராய வந்த மேடத்தின் மடிக்கணினியில்தான். அரண்மனையும் தெரியவில்லை, பேருந்து நிலையமும் தெரியவில்லை. இராமநாதபுரம் முழுவதும் சில வண்ணக் கட்டங்களாக இருந்தது. காற்றில் தூசும் புகையும் குறைந்தால் மஞ்சள், கூடினால் சிவப்பு. மழைக்காலத்தில் மஞ்சளாக இருக்கும் ஊர் மாசி, பங்குனியில் ஏன் சிவக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவர் சென்னையிலிருந்து வந்திருந்தார்.

ஊர் எல்லையில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆயாவாக இருந்தேன். பத்தாவது படித்திருந்தேன், மொட்டைமாடிச் சாவியும் என்னிடம் இருந்தது. அதனால் மேடம் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் மதியம் ஒன்றரை மணி வாக்கில் செயற்கைக்கோள் ஊரைக் கடக்கும். அப்போது மாடியேறிச் சுற்றிலும் பார்த்து, தெளிவு, மேகம், தூசு, புகை என்று ஏதாவது ஒன்றை நோட்டில் எழுத வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசும் எனக்கு, யாருமில்லாத அந்த ஐந்து நிமிடம் பிடித்திருந்தது.

"வானத்துக்கு வாட்ச்மேனா ஆயிட்டியாக்கும்" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கருவேலங்காட்டில் அவர் கரிமூட்டம் போட்டிருந்தார். விறகை அடுக்கி, மண் பூசி மூடி, உள்ளே தீ வைத்தால் நாள்கணக்கில் கனன்று கரியாகும். மழை ஓய்ந்த பிறகுதான் அந்தத் தொழில். அந்த வெள்ளைப் புகை ஊர்ப்பக்கம் சாய்வது மாடியிலிருந்து நன்றாகத் தெரியும்.

அதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். அன்று அவர் சிரிக்கவில்லை. "எழுதிப்புடாத. பக்கத்து மூட்டத்த ஆபீசர் வந்து மூடிட்டுப் போனத பாத்தேல்ல. நாம எங்கன போறது?"

மறுநாள் "தெளிவு" என்று எழுதினேன். மூன்று கோடையும் அப்படித்தான் எழுதினேன்.

கடைசியாக வந்தபோது மேடம் மாடிப்படியில் உட்கார்ந்து நோட்டையும் படத்தையும் வெகுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தார். நான் என் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவரே ஒரு முடிவுக்கு வந்தார்.

"சேட்டிலைட்தான் தப்பாப் பாத்திருக்கும். நீங்க இங்கயே நின்னு கண்ணால பாத்தவங்க. நான் உங்களத்தான் நம்புவேன் அக்கா."

அந்தச் சிவப்பு நாள்களையெல்லாம் கணக்கிலிருந்து எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். டீ குடிக்கிறீர்களா என்று மட்டும் நான் கேட்டேன்.

போன ஆடியில் வீட்டுக்காரர் மூச்சு முட்டி இறந்துபோனார். அதன்பின் மறைத்துக் காப்பாற்ற எனக்கு யாருமில்லை. ஒரு ஆளுக்கு உலை வைக்கும் வீட்டில், சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துப் பல நாள் சொல்லிப் பழகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடத்துக்குப் போன் செய்தேன். மூட்டத்தையும் பொய்யையும் மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லிப் பழகியதில் வீட்டுக்காரர் இறந்த செய்தி இல்லை. அதை மட்டும் சொல்லவில்லை.

மேடம் திட்டவில்லை. இப்போதும் திருத்தலாம், புகை வந்த நாள்கள் எவை என்று தெரிந்தால் போதும் என்றார். எனக்குத் தெரியாது. புகை வந்த நாளுக்கும் வராத நாளுக்கும் ஒரே சொல்லைத்தானே எழுதியிருந்தேன். எந்த மூட்டத்துக்கு எந்த நாள் தீ வைத்தது, எந்த நாள் பிரித்தது என்பதெல்லாம் வீட்டுக்காரர் மனதில்தான் இருந்தது.

"அது எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியும் மேடம்."

"அப்ப அவர்கிட்ட கேட்டுட்டு வாங்கக்கா. நான் லைன்லயே இருக்கேன்."

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றேன்.