அண்ணன் அடைத்த ஓட்டைகள்

என் அண்ணனுக்குப் பைபர் படகு கட்டுகிற வேலை. தருவைகுளம் கரையில் அவர் கை படாத படகு குறைவு. ரெசின் பசையும் பைபர் பாயும் இருந்தால் உலகத்தில் எதையும் ஒட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். தண்ணீர்த் தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, பிய்ந்த செருப்பு வரைக்கும் ஒட்டுத்தான். யார் சொன்னாலும் கேட்கிற ஆள் கிடையாது. போன வருஷம் திடீரென்று போய்ச் சேர்ந்துவிட்டார்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மதினி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். பெண் மாதா கோயில் வாசலில் அப்பாவின் அம்பாசடரில் போய் இறங்க வேண்டும். அண்ணன் அவள் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது அது. எனக்கும் ஆசைதான். வண்டி ஓடியது, ஆனால் காலை வைத்தால் தரை அமுங்கியது. டிங்கரிங் பட்டறையில் கொண்டுபோய் விட்டேன்.

பட்டறைக்காரர் மிதியடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்தக் கூத்தைச் செய்தது யார் என்று கேட்டார். முன்னாலிருந்து பின்சீட் வரை ஒரே பைபர் தரை, பளபளவென்று. அண்ணன் என்றேன். மனுஷன் நாக்கைக் கடித்துக்கொண்டார். வெல்டிங் பொறி பட்டால் ரெசின் தீப்பிடிக்கும், இதை எடுத்தால்தான் வேலை நடக்கும் என்றார். நெம்பியதும் கருவாட்டுத் தோல் மாதிரி முழுசாக உரிந்து வந்தது. அடியில் இருந்த இரும்பும் அதோடு பொருக்குப் பொருக்காக வந்துவிட்டது. காருக்குள்ளிருந்து பார்த்தால் பட்டறை மண் தெரிந்தது.

அதோடு போகவில்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற இரும்புப் பெட்டிதான் வண்டிக்கு இடுப்பு. உள்ளே இறங்குகிற தண்ணீர் வடிவதற்கு அதன் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அண்ணன் அத்தனையையும் ரெசின் வைத்து அடைத்திருந்தார். படகு கட்டுகிறவனுக்கு ஓட்டை என்றால் அடைக்க வேண்டியது. தண்ணீர் வெளியே போகவும் ஒரு ஓட்டை வேண்டும் என்று அவருக்கு எங்கே தோன்றப்போகிறது! உப்பு ஈரம் வருஷக்கணக்கில் உள்ளேயே கிடந்து தின்றிருக்கிறது. செத்துப்போனவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

"புதுத் தகடு இருக்கு அண்ணாச்சி. அத எதுல வச்சு வெல்டு அடிக்க? விளிம்பே இல்லியே," என்றார் பட்டறைக்காரர்.

வேறொரு பழைய வண்டியிலிருந்து அடிப்பாகத்தை வெட்டி எடுத்து வைக்கலாம், கல்யாணத்துக்குள் நடக்காது. அப்படியே ஓட்டினால் வண்டி நடுவில் மடங்கிவிடும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

மதினியிடம் சொல்ல எனக்குப் பயம். சொன்னதும், பார்க்க வேண்டும் என்று பட்டறைக்கே வந்துவிட்டார்கள். சுவரில் சாய்த்திருந்த பைபர் தரையைத் தடவினார்கள். ஓட்டை விஷயத்தையும் சொன்னேன். எந்த ஓட்டை என்று கேட்டு, குனிந்து, கெட்டியாகிப்போன ரெசின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்கள்.

"நெஞ்சு வலிக்குன்னு எங்கிட்டகூட சொல்லல. ரொம்ப நாளாவே இருந்திருக்கும்னு டாக்டர்தான் சொன்னாரு. எல்லாத்தையும் அடச்சுல்லா வச்சிருக்காரு."

அண்ணனை அடக்கம் செய்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

கல்யாணத்தன்று காலையில் பூ வைத்த வாடகைக் கார் வந்தது. பெண் வெள்ளைச் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அப்பா கார் எங்கே என்று அவளும் கேட்கவில்லை. மதினி ஜன்னலில் குனிந்து அவள் முக்காட்டைச் சரிசெய்தார்கள். புத்திமதி சொல்லப்போகிறார்கள், மாமியாரிடம் பணிந்து நட என்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"ஏளா, எங்கன வலிச்சாலும் வாயத் தொறந்து சொல்லிரணும், என்ன?" என்றார்கள்.