பொதுமக்களுக்கு ஒரு திருத்தம்

முத்துசெல்வி மைக்கின் தலையில் கைக்குட்டையைச் சுற்றி ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். சாரல் பட்டால் மைக் கரகரக்கும். குற்றாலம் மெயின் அருவிக்குப் பக்கத்துக் காவல் உதவி மையத்தில், சீசனுக்குச் சீசன் தினக்கூலிக்கு அறிவிப்பு வாசிப்பது பதினோரு வருஷமாக அவள் வேலை. ஊர் பண்பொழி, படிப்பு பத்தாவது. மற்ற மாதங்களில் ஜவுளிக்கடையில் துணி மடிப்பாள். குரல் அருவிச் சத்தத்தையும் தாண்டும். வழிதவறிய பிள்ளை, தொலைந்த மணிபர்ஸ், வழுக்கும் பாறை எல்லாம் அவள் வாயால்தான் கூட்டத்துக்குத் தெரியவரும்.

அன்று வந்த தாளில் புதிதாக ஒன்று இருந்தது. முந்தின வாரம் வெளிமாநிலத்தில் ஒரு சந்தையில் குண்டு வெடித்திருந்தது. "தீவிரவாத அச்சுறுத்தல் உள்ளதால் ஆளில்லாத பைகளைக் கண்டால் உடனே தெரிவிக்கவும். இஸ்லாமிய சகோதரர்கள் அடையாள அட்டையுடன் வந்து காவல்துறைக்கு முழு ஒத்துழைப்பு தரவும்."

சகோதரர்கள் என்று இருக்கிறதே, மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அரை மணிக்கு ஒரு தரம் நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

மூன்று மணிக்கு டீ குடிக்க இறங்கினால், எதிரே ஹுஸ்னா கடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெயும் சீயக்காயும் விற்கிற கடை. சீசன் இரண்டு மாதம். அவள் வீட்டின் வருஷச் சாப்பாடு அதில்தான்.

"என்னட்டி, இப்பமே எடுத்து வைக்க?"

"இருந்து என்ன செய்ய, செல்விக்கா? எண்ணெய் வாங்க வந்தவன் பாட்டில மோந்து பாத்துட்டு, ஆதார் கார்டு இருக்கான்னு கேக்கான். இன்னொருத்தன் கடைக்கு அடியில குனிஞ்சு பாக்கான். நாளைக்கும் இதான்னா நான் தென்காசியில வீட்டோட இருந்துக்கிடுதேன்."

"நல்ல வார்த்தையாத்தான சொன்னேன். சகோதரர்கள்னு."

ஹுஸ்னா படுதாவை மடிப்பதை நிறுத்தவில்லை. "பாறை வழுக்கும்னா பொதுமக்கள்னு சொல்லுதிய. தண்ணி கூடுச்சுன்னா பொதுமக்கள்னு சொல்லுதிய. குண்டுன்னதும் நாங்க மட்டும் தனியா சகோதரர் ஆயிட்டோம். எப்பலேருந்துக்கா நாங்க பொதுமக்கள் இல்லாம போனோம்?"

முத்துசெல்வி டீயைப் பாதியில் வைத்துவிட்டு மேலே போனாள்.

தகவல் எழுதுகிற நோட்டைப் புரட்டினாள். காலையிலிருந்து ஒன்பது பேர் வந்து சொல்லியிருந்தார்கள். ஒன்பதுமே ஆட்களைப் பற்றி. தொப்பிக்காரர்கள், பர்தா போட்ட பெண்கள், முருகனுக்கு நேர்ந்து தாடி வளர்த்திருந்த ஒரு புளியங்குடிக்காரர். வந்தவர்கள் சொன்னதில் பை ஒன்றுகூட இல்லை. பெண்கள் உடை மாற்றும் அறை வாசலிலோ ஒரு பெரிய பை மூன்று மணி நேரம் கிடந்திருக்கிறது. கூட்டிப் பெருக்குகிற பேச்சித்தாய்தான் கண்டு வந்து சொன்னாள். சோதித்துப் பார்த்தால் ஈரத்துணியும் முறுக்கும். நல்லவேளை. அத்தனை சனமும் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

நோட்டை எஸ்.ஐ. பரமேஸ்வரன் முன்னால் வைத்தாள்.

"ஐயா, பையப் பாக்கச் சொன்னோம். சனம் மூஞ்சியப் பாக்குது."

"அது மேலேருந்து வந்த தாளுல்லா."

"பை மட்டும் இருக்கட்டும். அந்த ரெண்டாவது வரி வேண்டாம். நெசமாவே ஒருத்தன் குண்டு வைக்க வந்தாலும், தாடியை மழிச்சுட்டு வந்தாப் போதும். ஒருத்தரும் கண்டுக்கிட மாட்டாவ."

அவர் நோட்டைத் திரும்பவும் படித்தார். புளியங்குடிக்காரர் வரியில் லேசாகச் சிரித்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், வெகுநேரம் பேசிவிட்டு வந்தார்.

"சரி, நாளையிலேருந்து அந்த வரியை விட்டுரு."

"திருத்தம் சொல்லணும்லா ஐயா?"

"என்ன திருத்தம்? சத்தங்காட்டாம விட்டுரும்மா. தப்பாச் சொல்லிட்டோம்னு அரசாங்கம் மைக்குல சொல்லுமா?"

"பிள்ளை சட்டை சிவப்புன்னு சொல்லிட்டு, நீலம்னு தெரிஞ்சா அதே மைக்குல மாத்திச் சொல்லுதோம். இல்லன்னா சனம் சிவப்பைத்தான தேடிக்கிட்டுத் திரியும்?"

"நாளைக்கு எவனாவது கேட்டான்னா உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல, பாத்துக்கோ."

"சொன்ன வாய் என்னோடதுதான ஐயா."

ஐம்பத்தொரு வயதில் வேறு வேலை தேட வேண்டிவரலாம். அதையும் யோசித்துத்தான் சொன்னாள். அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசிக்கத் தொடங்கினாள்.

"பொதுமக்கள் கவனத்திற்கு. நேற்று வாசித்த அறிவிப்பில் ஒரு வரி தவறு. யாரும் அடையாள அட்டை காட்ட வேண்டியதில்லை. யாரிடமும் கேட்கவும் கூடாது. ஆளில்லாத பையைக் கண்டால் தொடாமல் இங்கே வந்து சொல்லுங்கள்."

ஏழரைக்கு நான்காவது தரம் வாசிக்குமுன், தென்காசிக்கு ஹுஸ்னாவைப் போனில் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல் போனை மைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.