ராஜாவிடம் சிறைப்பட்ட மருத்துவச்சி

கெசையா டன்பாருக்கு இரண்டு நாடுகளிலும் பிள்ளைகள் உண்டு. பெற்றது நான்கு, பிரசவம் பார்த்துக் கையில் ஏந்தியது இருநூற்றுப் பதினேழு. செயின்ட் க்ராய் ஆற்றின் மேற்குக் கரை அமெரிக்கா, கிழக்குக் கரை இங்கிலாந்து ராஜாவின் மண் என்பதெல்லாம் வரைபடம் போடுகிறவர்களின் கவலை. வலி கண்ட வீட்டின் துணிக்கொடியில் சிவப்புக் கம்பளிப் பாவாடை ஒன்று தொங்கும். அது எந்தக் கரையில் தொங்கினாலும் கெசையா பையைத் தூக்கிக்கொண்டு படகேறிவிடுவாள்.

1812 ஜூன் மாதக் கடைசியில் போர்ச் செய்தி வந்தது. அமெரிக்காவுக்கு அப்போது வயது முப்பத்தாறு. கெசையாவைவிடப் பத்து வயது இளையது. அந்தப் பொடியன் போய் உலகத்திலேயே பெரிய கப்பற்படை வைத்திருந்த ராஜாவை வம்புக்கு இழுத்திருந்தான். இரண்டு கரைக்கும் பாதிரியார் ஒருவர்தான். எந்தப் பக்கம் ஜெயிக்க ஜெபிப்பது என்று தெரியாமல், அந்த ஞாயிற்றுக்கிழமை நோவாவின் வெள்ளத்தைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினார்.

கெசையாவுக்குப் போரைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அக்கரையில் மக்கே வீட்டில் வாழ்க்கைப்பட்ட மகள் டார்கஸுக்கு ஜூலையில் நாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் ஆற்றில் பனிக்கட்டி மிதந்து படகை மறித்தது. கெசையா போய்ச் சேர அரை நாள் தாமதம். கால் முன்னே வந்த பிள்ளை மூச்சுவிடவில்லை. இந்தத் தடவை பிந்தக் கூடாது என்று, ஜூலை பிறந்ததிலிருந்து செருப்பைக் கழற்றாமலே தூங்கினாள்.

இக்கரைப் படைக்குக் கேப்டன் ஏனோஸ் பிராட். பாஸ்டன் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருஷமாகக் கடை வைத்திருந்தான். படை என்றால் பத்தொன்பது விவசாயிகள், பதினொரு துப்பாக்கி. கேப்டனைக் கை தூக்கித்தான் தேர்ந்தெடுப்பார்கள். அன்றைக்கு ஏனோஸ் ஒரு பீப்பாய் ரம்மை உருட்டிவிட்டான். சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். மறுநாளே இறகு வைத்த தொப்பி வந்துவிட்டது. ஊர் வழக்கங்கள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ஜூலை இருபத்திரண்டாம் தேதி காலையில் தேவாலய மணி அலறியது. கெசையா பையோடு துறைக்கு ஓடிவந்தால், படகுகளையெல்லாம் கரையில் இழுத்துக் கவிழ்த்திருந்தார்கள். வேலிக்குப் பின்னால் பத்தொன்பது பேரும் குனிந்திருந்தார்கள். ஏனோஸ் வாளை உருவி நின்றான்.

"குனிங்கம்மா! அக்கரையில ராஜாவோட சிவப்புச் சட்டைப் பட்டாளம் வந்தாச்சு!"

"எங்கே?"

"அந்தா, மக்கே வீட்டுப் பக்கம். ஒருத்தன் அசையாம நின்னு நம்மளையே பாக்கறான்."

கெசையா பார்த்தாள்.

"அது பட்டாளத்தான் இல்லப்பா. என் மகளோட பாவாடை."

வேலிக்குப் பின்னால் யாரோ தும்முவதுபோல் சிரித்தார்கள். உண்மையில் பத்தொன்பது பேருக்கும் அது என்னவென்று தெரியும். ஆனால் மணியடித்தால் வைக்கோல் வேலை நின்றுபோகும். எதற்கு வாயைத் திறப்பானேன்?

ஏனோஸின் முகம் பாவாடையோடு போட்டி போட்டது. அந்த நேரத்தில் அவன் சிரித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "எதுவா இருந்தாலும் சரி, அது எதிரி நாடு. இங்கிருந்து யாரும் அந்தக் கரையில கால் வைக்கக் கூடாது. மேலிடத்து உத்தரவு."

"ஏனோஸ், என் பொண்ணுக்கு வலி கண்டிருக்கு."

"சண்டை நடக்குதும்மா!"

"எதுக்காம் சண்டை?" என்று கேட்டார் கெசையாவின் புருஷன் ஜோயல். அவர் ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான் கேட்பார்.

அதற்குப் பத்தொன்பது பதில் வந்தது. கடல் வியாபாரத்தைக் கெடுத்தார்கள் என்றான் ஒருவன். கனடாவைப் பிடித்தால் நல்ல கோதுமை நிலம் கிடைக்குமாம் என்றான் இன்னொருவன். ஷுபேல் என்ற மீனவன் எழுந்து நின்றான். "ஏன்டா, எங்கண்ணனை மறந்துட்டீங்களா? ராஜாவோட ஆளு நடுக்கடல்ல நம்ம கப்பலை நிறுத்தி, நம்ம ஆளுங்களை இழுத்துட்டுப் போய் அவன் கப்பல்ல வேலை வாங்கறான். அதுக்குத்தான் சண்டை. போனவன் போகணும்னா போனான்? பிடிச்சுட்டுப் போனாங்க!"

கெசையா பையைக் கீழே வைத்தாள்.

"கேப்டன், நானா போனாத்தானே தப்பு? அவங்க பிடிச்சுட்டுப் போனா?"

ஏனோஸ் தொப்பியைத் தூக்கி நெற்றியைத் துடைத்தான். அவனிடம் இருந்த உத்தரவில் அப்படி ஒரு வரி இல்லை. "ஆனா எதிரி படகு இந்தக் கரையில ஒதுங்குச்சுன்னா நான் சுடணும்."

"பாதி ஆறு நம்மளுதுதானே?"

"பாதி வரைக்கும் நம்மளுது."

கெசையா மீன்காரர்கள் ஊதும் தகரக் கொம்பைப் பிடுங்கி மூன்று தடவை ஊதினாள். அக்கரைப் படையின் கேப்டன் வேறு யாருமில்லை, டார்கஸின் மாமனார் டங்கன் மக்கேதான். அவர் அக்கரைத் துறைக்கு ஓடிவந்தார்.

"சம்பந்தி! படகெடுத்துட்டு நடு ஆத்துக்கு வாங்க!"

"எதுக்குச் சம்பந்தியம்மா?"

"என்னைச் சிறைபிடிக்க!"

டங்கன் ஒரு கணம் யோசித்தார். "ஆயுதம் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"கத்தரிக்கோல் ஒண்ணு!"

ஜோயல் நடு ஆறு வரை துடுப்புப் போட்டார். கெசையா ஒரு படகிலிருந்து மறு படகுக்குத் தாவினாள். கரையில் பத்தொன்பது பேரும் தொப்பியைக் கழற்றி ஆரவாரம் செய்தார்கள். எந்த நாடு ஜெயித்தது என்று கேட்டால் ஒருவனுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

டங்கன் எதையும் ஒழுங்காகச் செய்கிற மனுஷன். படகிலேயே காகிதத்தை நீட்டினார். "கைதின்னா கையெழுத்துப் போடணும். உங்களுக்கு ஈடா எங்க ஆள் ஒருத்தன் மாத்துக் கைதியா கிடைக்கிற வரைக்கும் ராஜாவோட எதிரிப் படைக்கு எந்த உதவியும் செய்ய மாட்டேன்னு சத்தியம். அப்பத்தான் உங்களைத் திருப்பி அனுப்ப முடியும்."

"துடுப்பைப் போடுங்க சம்பந்தி, ராஜா காத்திருப்பார். பிள்ளை காத்திருக்காது." படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

இந்தப் பிள்ளைக்கும் கால்தான் முன்னே. டார்கஸ் அம்மாவின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள். "அம்மா, இதுவும் அது மாதிரியே..." "வாயை மூடு. அன்னைக்கு நான் இல்லை. இன்னைக்கு இருக்கேன்." இரண்டு மணி நேரம் கெசையாவின் கை ஓயவில்லை. அப்புறம் பெண்குழந்தை நீலம் பாரித்து வந்து, கெசையா முதுகைத் தேய்த்ததும் வீறிட்டு அழுதது. டங்கன் கொல்லைப்புறம் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்து, கைதிக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று உத்தரவிட்டார்.

ஐந்தாம் நாள் கைதியை அதே நடு ஆற்றில் ஜோயலின் படகில் இறக்கிவிட்டார்கள்.

நவம்பரில் ஒரு மத்தியானம், முதல் பனி விழுந்துகொண்டிருந்தபோது, ஏனோஸ் முழு உடுப்பில் ஓடிவந்து கதவைத் தட்டினான். "கெசையாம்மா! என் பொண்டாட்டி லவீசாவுக்கு வலி கண்டிருச்சு!"

கெசையா பையிலிருந்து காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தாள். "எதிரிப் படைக்கு எந்த உதவியும் செய்ய மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன் கேப்டன். சட்டம் இல்லையா?"

ஏனோஸ் அவளைப் பார்த்தான். வாளைக் கழற்றி வாசலில் வைத்தான். இறகுத் தொப்பி, பித்தளைப் பொத்தான் கோட்டு, எல்லாம் இறங்கின. சட்டையோடு பனியில் நின்று நடுங்கினான்.

"இப்ப நீ யாரு?"

"கடைக்காரன்மா. ஊசி, நூல், உப்பு விக்கிறவன்."

"வா." பை ஏற்கெனவே அவள் தோளில் இருந்தது. உள்ளே எல்லாம் அடுக்கி வைத்து ஒரு வாரமாகியிருந்தது.

இரண்டரை வருஷம் சண்டை நடந்தது. 1815-ல் சமாதானச் செய்தி வந்தபோது, ஏனோஸ் கடையில் நின்று ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினான். பிடித்த நிலத்தை அவரவரிடம் திருப்பிக் கொடுப்பது, எல்லை பழையபடி.

"எங்கண்ணன் மாதிரி ஆளுங்களைப் பத்தி?" என்றான் ஷுபேல்.

ஏனோஸ் தாளைப் புரட்டினான். திரும்பவும் புரட்டினான். "ஒரு வரி கூட இல்லை."

"இதுக்காடா சண்டை போட்டோம்?" ஷுபேல் பீப்பாய் மேல் உட்கார்ந்துவிட்டான்.

வாசலில் நின்ற ஜோயல் அன்றைய கேள்வியைக் கேட்டார். "மாத்துக் கைதியே வரலையே. அப்ப இவ?"

"கணக்குப்படி பார்த்தா," என்றான் ஏனோஸ், "கெசையாம்மா இன்னும் ராஜாவோட கைதிதான்."

"இருந்துட்டுப் போறேன்," என்றாள் கெசையா. அவள் கண் ஜன்னலுக்கு வெளியே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. "சிவப்பு தொங்குது, பாரு. டார்கஸுக்கு அடுத்தது. படகை இறக்கு."

ஏனோஸ் ஒப்பந்தத்தை உப்பு மூட்டை மேல் வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தான். அன்றைக்கு நடு ஆற்றில் அவன் நிறுத்தவில்லை.